எது பொருந்தவில்லை: ஏழாயிரம்பண்ணை முதல் விருதுநகர் வரை ஒரு கார்டுடன்

காலை 6.25. ஏழாயிரம்பண்ணை பஸ் நிறுத்தம்.

சிவகாசி பஸ் 6.50-க்கு. இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அதற்குள் வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு போன் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். கிரெடிட் கார்டுக்கு இரண்டு. பாதுகாப்புக் காரணத்தால் நிறுத்தி வைத்த கார்டுக்கு ஐந்து. பிறகு பாட்டு. வார்த்தை இல்லாத பாட்டு. நடுநடுவே ஒரு பெண் குரல், தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது. பதினோரு நிமிடத்தில் எட்டு முறை சொன்னது. எண்ணினேன். வேறு வேலை இல்லை.

அப்புறம் ஒரு பெண் வந்தாள். இது உயிருள்ள பெண்.

“வணக்கம் சார். நான் உங்களுக்கு எப்படி உதவலாம் சார்?”

“கார்டை நிப்பாட்டி வச்சிருக்கீங்க. தெறக்கணும்மா.”

“கண்டிப்பா உதவுறேன் சார். பாதுகாப்புக்காக மூணு கேள்வி கேக்கணும் சார்.”

பிறந்த தேதி கேட்டாள். சொன்னேன். அம்மா பேர் கேட்டாள். சொன்னேன். என்ன தொழில் என்று கேட்டாள். பட்டாசு ஆலைத் தொழிலாளி என்றேன். அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது.

“மன்னிக்கவும் சார். நீங்க சொன்ன விவரம் எங்க பதிவோட பொருந்தலை.”

“எது பொருந்தலை?”

“அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை சார். பாதுகாப்புக் காரணம்.”

“மூணுமா, ஒண்ணா?”

“அதையும் சொல்ல முடியாது சார். ஒரு நாளைக்கு மூணு முயற்சிதான். இன்னிக்கு உங்களுக்கு இன்னும் ரெண்டு இருக்கு. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

“இல்லம்மா.”

பஸ் வந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ரூபி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருக்கிறது. அதற்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்கு இடம் பிடிக்க, வெளிநாட்டு இணையதளத்தில் கிரெடிட் கார்டில்தான் பணம் கட்ட வேண்டும். டீக்கடையில் போனைக் காட்டிக் கட்டுகிற மாதிரி அங்கே கட்ட முடியாது. கார்டு பரீட்சை எழுதுகிறவர் பேரில் இருக்க வேண்டும், அல்லது பெற்றவர் பேரில். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார்டு. என் பேரில். இடம் பிடிப்பது இன்று மாலை 5 மணியோடு முடிகிறது. அடுத்த பரீட்சை ஐந்து மாதம் கழித்து. அதுவரை அந்த ஆஸ்பத்திரி காத்திருக்காது என்று ரூபி சொன்னாள். அழவில்லை. அவள் என்னைப் போல.

செவ்வாய்க்கிழமை அவள் கட்டிப் பார்த்தாள். வெளிநாட்டுத் தளம் என்று வங்கிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் கட்டுகிறேனா என்று கேட்க, புதன் பகலில் என் போனுக்கு மூன்று முறை அடித்திருக்கிறார்கள். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே புறாக்கூண்டு மாதிரி கட்டம் கட்டமாக ஒரு மரப்பெட்டி உண்டு. என் கட்டம் 14. மூன்று அழைப்பும் கட்டம் 14-இல் அடித்து ஓய்ந்திருக்கிறது. நான் எடுக்காததால் கார்டை முடக்கிவிட்டார்கள். அன்று மாலை நான் கூப்பிட்டுப் பேசி மூன்று முயற்சியும் வீணாகப் போயிற்று.

இன்று வியாழன். இந்த ஆலையில் பார்த்த இருபத்தோரு வருட வேலையில் சாவுக்கும் காய்ச்சலுக்கும் லீவு போட்டிருக்கிறேன். கார்டுக்குப் போட்டது இதுதான் முதல்.

6.52. பஸ்ஸில்.

சிவகாசிக்கு டிக்கெட் 22 ரூபாய். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் வரும். கண்டக்டருக்கு என்னைத் தெரியும்.

“என்ன அண்ணாச்சி, வேன்ல போகலையா? வேலைய விட்டுட்டீகளா?”

“லீவு.”

“கல்யாணமா?”

“கார்டு.”

“ரேஷனா?”

“பேங்க்.”

அவர் சில்லறையைக் கொடுத்துவிட்டு யோசித்தார். “அதுக்கு ரேஷன் கடை தேவலை. அங்கன ஆளு மொகத்தைப் பாத்தாவது திட்டுவான்.”

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் கரிசல். மழை இல்லை. மக்காச்சோளத் தட்டை காய்ந்து நின்றது. நடுவே ஆலைகள். போகாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாசு ஆலை என்றால் பெரிய கட்டடம் இருக்காது. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நடுவில் வேம்பு. தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ வீடுகளைச் சண்டை போட்டுப் பிரித்து வைத்த மாதிரி இருக்கும். ஒன்றில் ஏதாவது ஆனால் அடுத்ததற்குப் போகக் கூடாது. அதற்காக அப்படி.

7.15-க்கு என் ஆலை வந்தது. இத்தனை வருடத்தில் இந்த நேரத்தில் அதை வெளியே இருந்து பார்த்ததில்லை. கேட்டில் வரிசை நின்றது. ஒவ்வொருவரும் போனை நீட்டினார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி குனிந்து நிமிர்ந்தார்கள். நானும் அப்படித்தான் செய்வேன் போல. அந்த இடத்தில் நான் இல்லாமல் அது நடந்துகொண்டிருந்தது.

போனில் ஒரு செய்தி வந்தது. வங்கியில் இருந்து. அவசரமாகத் திறந்தேன். “மதிப்பிற்குரிய மருந்தக உரிமையாளரே, தங்கள் தொழிலை விரிவாக்கச் சிறப்புக் கடன்.” இது மாதிரி போன வருடத்தில் இருந்து வருகிறது. யாருக்கோ வர வேண்டியது எனக்கு வருகிறது. அழித்தேன்.

பிறகு மூன்று கேள்வியையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பிறந்த தேதி நான் சொல்லி யாரும் எழுதவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் ஜூன் 1 என்று போட்டார். எங்கள் வகுப்பில் பதினேழு பேர் ஜூன் 1. ஆதாரிலும் அதுதான் இருக்கிறது. அம்மா பேர் மரியபுஷ்பம். சில காகிதத்தில் புஷ்பம் என்று மட்டும் இருக்கும். நேற்று இரண்டையும் சொல்லிப் பார்த்தாயிற்று. தொழில் ஒன்றுதான், மாறவில்லை. எட்டாம் வகுப்பு முடித்த கொஞ்ச நாளில் பட்டாசுக்கு வந்தேன். நடுவில் தீப்பெட்டி. திரும்பப் பட்டாசு.

எது பொருந்தவில்லை என்று அறியும் ஆசை அந்தப் பஸ்ஸில்தான் பிடித்தது. அதுவரை கோபம் இருந்தது.

8.05. சிவகாசி.

வங்கி பத்து மணிக்குத்தான் திறக்கும். டீ 12 ரூபாய். குடித்துவிட்டு நடந்தேன். லாரி ஆபீஸ் வாசலில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வெளியூர்க்காரர்கள் சிவகாசி என்றால் வெடி வாசம் அடிக்கும் என்று நினைப்பார்கள். ஊருக்குள் அச்சு மை வாசம்தான் அடிக்கும்.

10.00. வங்கிக் கிளை.

கவுண்டரில் ஒரு இளைஞர். கார்டை நீட்டினேன். தொடவில்லை.

“கார்டு பிரிவு தனிங்க. இங்க கணக்கு மட்டும்தான்.”

“ஒரே பேங்க்தானே?”

“பேருதான் ஒண்ணு. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசுங்க.”

“பேசுனேன். பொருந்தலைன்னு சொல்லுதாக.”

“எது பொருந்தலை?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். கை ரேகை வைத்து ஆதாரோடு சரிபார்த்தால், இவர் இன்னார்தான் என்று கிளையில் இருந்து கார்டு பிரிவுக்கு எழுதலாம் என்றார். சின்ன மிஷினை என் பக்கம் திருப்பினார். வலது பெருவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. இடது பெருவிரல். ஆள்காட்டி விரல். பத்து விரலும் வைத்தாயிற்று.

“என்னங்க, ரேகையே இல்லையே. என்ன வேலை பாக்கீங்க?”

“பட்டாசு. மருந்து ரூம்.”

அவர் ஊர்க்காரர். மேலே கேட்கவில்லை. பட்டாசுக்குள் போகும் பொடியைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்போம். அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு எல்லாம் கையால் சல்லடையில் போட்டுக் கலக்க வேண்டும். கலக்குகிறவன் கையில் வெள்ளி நிறம் ஏறிவிடும். ரேகை தேய்ந்துவிடும். மீன் பிடிக்கிறவன் கையில் மீன் வாசம் போகாத மாதிரி.

“விருதுநகர் கிளையில கண்ணு பாக்கிற மிஷின் இருக்கு. அங்கன போங்க. கண்ணு தேயாதுல்ல.”

தேயாது என்று நம்பிப் புறப்பட்டேன்.

10.55. விருதுநகர் பஸ்.

டிக்கெட் 27 ரூபாய். ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர். திருத்தங்கல் வரும்வரை நின்றுகொண்டுதான் வந்தேன். அங்கே இரண்டு பேர் இறங்கினார்கள். இடம் கிடைத்தது. பக்கத்தில் நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். மடியில் சுருட்டிய தாள், ரப்பர் பேண்ட் போட்டு. அதன்மேல் இரண்டு கையும் வைத்திருந்தார். கைக்குழந்தை மாதிரி.

அந்த நேரம் ரூபி போன் பண்ணினாள். வார்டில் இருந்து ஒளிந்து பேசினாள்.

“அப்பா, என்னாச்சு?”

“விருதுநகர் போறேன். கண்ணைப் பாப்பாகளாம்.”

“கண்ணையா?”

“ஆமா.”

“சரிப்பா. ரெண்டு மணிக்கு ட்யூட்டி முடியும். ஹாஸ்டல்ல கம்ப்யூட்டரைத் தெறந்து வச்சிட்டு உக்காந்திருப்பேன். நீங்க சாப்பிட்டீகளா?”

“சாப்பிட்டேன்.”

சாப்பிடவில்லை.

பக்கத்துப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். மறைக்கவும் இல்லை. “கண்ணாஸ்பத்திரியா அண்ணாச்சி?”

“இல்லம்மா. பேங்க்.” மூன்று கேள்வியையும் சொன்னேன். எது தப்பு என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றும் சொன்னேன். ஒரு நாளில் இவ்வளவு பேசியது எனக்கே புதிது.

அவர் திருத்தங்கல் பிரஸ் ஒன்றில் புரூஃப் பார்க்கிறவர். நாரணாபுரத்துக்காரர். பேர் சாந்தி என்றார். விருதுநகர்ப் பருப்பு வியாபாரி ஒருவரின் காலண்டருக்கு மாதிரித் தாள் கொண்டு போகிறார். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும்.

“கார்டுக்கு எழுதிக் குடுத்தப்ப நீங்க புரூஃப் பாத்தீகளா?”

“எழுதலை. ஒரு ஞாயித்துக்கெழமை ஒரு பிள்ளை போன் பண்ணுச்சு. கேட்டுச்சு. சொன்னேன். கார்டு தபால்ல வந்துச்சு.”

“அந்தப் பிள்ளை என்ன அடிச்சுதுன்னு காட்டலையா?”

“இல்ல.”

“அப்ப புரூஃப் இல்லாமலே அச்சு ஏத்திட்டாக.” அவர் சுருளை ஒரு தட்டுத் தட்டினார். “போன்ல ஆர்டர் எடுத்தா இதான் வம்பு. போன வருசம் இதே பார்ட்டி. போன்ல சொல்லுதாரு, உளுந்து மொத்த வியாபாரம்னு. கம்போஸ் பண்ற பய புதுசு. நம்மாளுக பேச்சுல கீழ விழுந்தான்னு சொல்ல, கீழ உளுந்தான்னு சொல்லுவோம்ல? அவன் ரொம்பப் படிச்சவன். திருத்திட்டான். ‘விழுந்து மொத்த வியாபாரம்’னு பெருசா, செவப்பு மையில அடிச்சிருக்கான்.”

முன் சீட்டில் இருந்தவர் சிரித்தார். நானும்.

“புரூஃப்ல புடிச்சேன். இல்லன்னா மூவாயிரம் காலண்டர்லயும் அவரு விழுந்திருப்பாரு. இம்புட்டுத்தான் அண்ணாச்சி. நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். இப்பச் சொல்றதும் சரிதான். அங்கன என்ன அடிச்சிருக்குன்னு பாருங்க. மனசுல இருக்கிறதைச் சொல்லிப் பிரயோசனம் இல்ல. தாள்ல இருக்கிறதைச் சொல்லணும்.”

அந்தப் பேச்சு எனக்குள் நின்றது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அவர் பருப்புக் கடைப் பக்கம் போனார். நான் வங்கிப் பக்கம்.

மதியம் 12.10. விருதுநகர்.

வத்தல் நெடி முதலில் வந்தது. அப்புறம் எண்ணெய். மண்டிகளில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பஜாரைத் தாண்டிப் பத்து நிமிட நடை. கிளை மாடியில். படி ஏறினேன். கதவில் ஒரு செக்யூரிட்டி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

டோக்கன் 61. ஓடியது 38. உட்கார்ந்தேன்.

1.05-க்கு என் எண் வந்தது. ஒரு பெண் அதிகாரி. மேஜையில் தண்ணீர் பாட்டில், திறக்காத டிபன் பாக்ஸ். சொன்னதை ஒரு முறையில் புரிந்துகொண்டார். அது எனக்குப் பிடித்தது. கறுப்புப் பெட்டி ஒன்றை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“கண்ணைச் சிமிட்டாதீங்க அண்ணாச்சி.”

“சிமிட்ட மாட்டேன்.”

எங்கள் வேலையில் அது பழக்கம். பச்சை விளக்கு எரிந்தது. நான் நான்தான் என்று ஒரு மிஷின் ஒத்துக்கொண்டது. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“கோரிக்கை போட்டுட்டேன். நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகும்.”

“அஞ்சு மணி வரைதான் நேரம் மேடம்.”

ரூபி விஷயத்தைச் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை இன்னும் தள்ளி வைத்தார். “அப்ப சேவை எண்ணுக்குத்தான் பேசணும். இங்கயே பேசுங்க. நான் பக்கத்துல இருக்கேன். பதிவான எண்ல இருந்துதான் பேசணும். போனை எடுங்க.”

சட்டைப் பையைத் தொட்டேன். இல்லை. வேட்டி மடிப்பைத் தொட்டேன். இல்லை.

“போன் எங்க அண்ணாச்சி?”

“கேட்ல.”

“எந்தக் கேட்ல?”

கீழே பார்த்தேன். காலில் செருப்பும் இல்லை.

வாசலுக்குப் போனேன். செக்யூரிட்டி எனக்காகவே காத்திருந்த மாதிரி எழுந்தார். அவர் கையில் என் போன். கதவோரம் என் செருப்பு, ஜோடியாக.

“வந்தீக. செருப்பைக் கழட்டுனீக. போனை என் கையில வச்சீக. நேரா உள்ள போயிட்டீக. இது பேங்க் அண்ணாச்சி, கோயில் இல்ல.”

“பட்டாசுக் கம்பெனி. பழக்கம்.”

“அதான பாத்தேன். டோக்கனாவது குடுப்பேன்னு நின்னீகளே, ஒரு நிமிசம்.”

ஆமாம், நின்றேன். கட்டம் 14 என்று அவர் சொல்வார் என்று நின்றிருப்பேன்.

1.25. இரண்டாவது முயற்சி. அதிகாரி மேஜையில், ஸ்பீக்கரில். பாட்டு பதினாறு நிமிடம். இந்த முறை ஆண் குரல். பிறந்த தேதி. அம்மா பேர். தொழில். பொருந்தவில்லை. அதிகாரி தானே பேசினார். தான் கிளை அதிகாரி என்றும், கண் ரேகை சரிபார்த்துவிட்டதாகவும் சொன்னார். மன்னிக்கவும் மேடம், எங்கள் பதிவோடு பொருந்தினால்தான் என்றது குரல்.

“பதிவுல என்ன இருக்குன்னு நீங்க பாக்க முடியாதா மேடம்?” என்று கேட்டேன்.

“எங்களுக்கே தெரியாது அண்ணாச்சி. கார்டு பிரிவு தனி.”

என்னைப் பற்றி எழுதியிருக்கிறது. எழுதியவர் யார் என்று தெரியாது. படிக்கிறவர் சொல்லக் கூடாது. எனக்கு மட்டும் தெரியாமல் ஊர் முழுக்க என் பேரில் ஒரு தாள் சுற்றுகிறது. கோபம் வரவில்லை. அதில் என்ன இருக்கும் என்றுதான் இருந்தது.

இன்னும் ஒரு முயற்சி மிச்சம். அவசரப்பட்டு அதையும் விட வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். வெளியே வந்தேன்.

2.05. கிளை வாசல்.

செருப்பைப் போடக் குனிந்தேன்.

“ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி,” என்றார் செக்யூரிட்டி. “நீங்க பட்டாசுங்கீக. மெடிக்கலும் வச்சிருக்கீகளா?”

“இல்லையே.”

“போன் என் கையில இருக்கையில ஒரு மெசேஜ் வந்துச்சு. பாக்கக் கூடாதுதான். கண்ணுல பட்டுட்டு. மருந்தக உரிமையாளரேன்னு போட்டிருந்துச்சு. எனக்குக் காலையில இருந்து தலை வலிக்கி. மாத்திரை ஏதும் இருந்தா கேக்கலாம்னு பாத்தேன்.”

போனை எடுத்தேன். இருந்தது. காலையில் அழித்த அதே செய்தி, திரும்பவும். மருந்தகம்.

ஒரு செருப்போடு நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கோயில் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை கேட்டது: “என்ன சார் வேலை பாக்குறீங்க?” வீட்டில் இருக்கிறவன் வீட்டுப் பேச்சாகத்தானே சொல்வான். “மருந்து வேலை” என்றேன். “சொந்தமா சார்?” என்றது. மருந்து ரூமில் நிறையப் பேர் இருக்கக் கூடாது. நான் ஒத்தையாகத்தான் கலக்குவேன். “சொந்தமாத்தான் பாக்கேன். ஒத்த ஆளுதான்” என்றேன். “சூப்பர் சார்” என்றது.

அது எந்த ஊர்ப் பிள்ளையோ. அதற்கு மருந்து என்றால் மாத்திரை. உளுந்து விழுந்துவிட்டது.

“என்ன அண்ணாச்சி?” என்றார் செக்யூரிட்டி.

“ஒரு நாற்காலி கெடைக்குமா?”

தன் நாற்காலியையே தந்தார். என் போனில் சார்ஜ் பதினெட்டு என்றதும், தன் சார்ஜரைச் சொருகினார். அவரும் பக்கத்தில் நின்றார்.

2.20-க்கு அழைத்தேன். பாட்டு இருபத்து மூன்று நிமிடம். துண்டித்துவிட்டது. யாரும் பேசாததால் அது முயற்சியில் சேராது என்று செக்யூரிட்டி தீர்ப்புச் சொன்னார். மறுபடி அழைத்தேன். தமிழுக்கு மூன்றுக்குப் பதிலாக இரண்டை அழுத்திவிட்டேன். இந்தி வந்தது. வைத்துவிட்டேன். மறுபடி. ரூபி இடையில் இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எடுத்தால் வரிசை போய்விடும்.

3.48. மூன்றாவது முயற்சி.

“வணக்கம் சார். நான் உங்களுக்கு எப்படி உதவலாம் சார்?”

காலையில் பேசிய பெண் மாதிரி இருந்தது. எல்லாக் குரலும் அப்படித்தான் இருக்கிறது.

பிறந்த தேதி. சொன்னேன். அம்மா பேர். சொன்னேன்.

“உங்க தொழில் என்ன சார்?”

தொண்டையைச் செருமினேன். செக்யூரிட்டி குனிந்தார்.

“மருந்து.”

“மெடிக்கல் ஷாப்தானே சார்?”

பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

“மருந்துதாம்மா.”

“சொந்தமா சார்?”

“ஒத்த ஆளுதான்.”

தட்டும் சத்தம். பாட்டு இல்லாத அமைதி. அது பாட்டைவிட நீளமாக இருந்தது.

“நன்றி சார். விவரங்கள் பொருந்துது.”

செக்யூரிட்டி என் தோளில் கை வைத்தார். எடுக்கவில்லை.

“சார், நேத்து உங்களை மூணு தடவை கூப்பிட்டிருக்கோம். ஏன் சார் எடுக்கலை? பதிவு பண்ணணும்.”

“வேலை நேரம். உள்ள போன் கூடாது.”

“மருந்துக் கடையில போன் கூடாதா சார்?”

“எங்க மருந்துக்குப் போன் ஆகாதும்மா.”

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். அதுவும் இனிப் பதிவில் இருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி தரட்டுமா என்றாள். தரச் சொன்னேன். முப்பது நிமிடத்தில் கார்டு வேலை செய்யும் என்றாள்.

வைப்பதற்கு முன் ஒன்று கேட்டேன். “பதிவுல தொழிலை மாத்தணும்னா என்னம்மா செய்யணும்?”

“படிவம், சான்று, ரெண்டும் அனுப்பணும் சார். ஏழு வேலை நாள் ஆகும். அதுவரைக்கும் கார்டு நிறுத்தி வைக்கப்படும். மாத்தணுமா சார்?”

“இருக்கட்டும்மா.”

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

“தலைவலிக்கு என்ன மாத்திரை கேளுங்க” என்றார் செக்யூரிட்டி, மெதுவாக.

4.22. முப்பது நிமிடம் ஆனதும் ரூபியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். கார்டு எண்ணைப் படித்தேன். பின்னால் இருக்கும் மூன்று எண்ணையும் படித்தேன். கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஆறு எண் வந்தது. கீழே, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போட்டிருந்தது. மகளிடம் சொன்னேன்.

சுற்றுகிறது என்றாள். இன்னும் சுற்றுகிறது என்றாள். வெள்ளையாக இருக்கிறது என்றாள். பஜாரில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள்.

“வந்துட்டுப்பா. எடம் கெடைச்சிட்டு.”

மணி 4.41.

“சரி,” என்றேன்.

“சாப்பிடலைன்னு தெரியும். போயிச் சாப்பிடுங்க.”

மேலே போய் அதிகாரியிடம் சொன்னேன். டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. எது பொருந்தவில்லை என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. பிறகு சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்தார். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அந்தக் கோரிக்கைக்கும் பதில் வரும் என்றார். வரட்டும்.

வழியில் ஒரு மெடிக்கலில் தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன். 24 ரூபாய். திரும்பப் போய்ச் செக்யூரிட்டியிடம் கொடுத்தேன். “நம்ம கடைச் சரக்கா?” என்றார். ஆமாம் என்றேன். சாப்பிட்டேன் என்று ரூபியிடம் சொன்னதை விட்டால், அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

எண்ணெய்ப் புரோட்டா இரண்டு, விருதுநகருக்கு வந்தால் அதுதானே. காலையில் இருந்து முதல் சாப்பாடு. நன்றாக இருந்தது.

5.40. சாத்தூர் பஸ். அங்கே மாறி ஏழாயிரம்பண்ணை.

போனது ஒரு வழி, வந்தது ஒரு வழி. போகாதவர்களுக்குக் கணக்குச் சொன்னால், போக வர நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பாட்டுக் கேட்டது மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அந்தப் பாட்டு இன்னும் காதில் ஓடுகிறது. கெட்ட பாட்டு இல்லை.

வெயில் தணிந்திருந்தது. ஆலை வேன்கள் எதிரே வந்தன. உள்ளே இருந்தவர்கள் எல்லார் கையிலும் போன். கேட்டில் திரும்ப வாங்கியதும் முதலில் அதைத்தான் பார்ப்போம், யார் கூப்பிட்டார்கள் என்று. நான் ஒரு நாள் முழுக்க அதைக் கையில் வைத்திருந்தேன். கை கனத்தது.

எங்கள் ஆலை வாட்ச்மேனுக்கு என் பிறந்த தேதி தெரியாது. அம்மா பேர் தெரியாது. போனை நீட்டினால் முகத்தைப் பார்க்காமலே 14-இல் போடுவார். கையின் நிறத்தைப் பார்த்தே போடுகிறார் என்று நினைக்கிறேன். நாளைக்குக் கேட்க வேண்டும்.

சாத்தூரில் இறங்கியபோது ரூபி பேசினாள். பரீட்சைக்கு அனுமதிச் சீட்டு வந்துவிட்டதாம். விண்ணப்பத்தில் அப்பா தொழில் என்று ஒரு கட்டம் இருந்ததாம்.

“என்ன போட்ட?”

“பட்டாசு ஆலைத் தொழிலாளின்னு போட்டேன். வேற என்ன போட?”

“கேட்டிருக்கலாமே.”

“இதுல கேக்க என்னப்பா இருக்கு?”

ஒன்றும் இல்லை என்றேன்.

ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் ஒரு முறை அதிர்ந்தது. வங்கி. மதிப்பிற்குரிய மருந்தக உரிமையாளரே, தங்கள் கடைக்குக் குளிர்பதனப் பெட்டி, எளிய தவணையில்.

முழுக்கப் படித்தேன். இந்த முறை அழிக்கவில்லை. அடுத்த தடவை தொழில் என்ன என்று கேட்டால் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.